நாள்தோறும் ஒப்புக்கொடுத்தல்



தன்னலம் துறத்தல், இறைவனிடம் சரணடைதல் ஆகிய இரண்டும் தமிழர்களுக்குப் புதிய கருத்துகள் அல்ல. கோயிலிலும் கேட்கிறோம், தேவாலயத்திலும் கேட்கிறோம். மேடையில் யாராவது சொன்னால் தலை தானாக ஆடுகிறது. ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளை பள்ளிக்குக் கிளம்ப மறுத்து அழுகிறது. படுக்கையில் இருக்கும் தாயார் மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். வேலையிடத்திலிருந்து கைத்தொலைபேசி ஒலிக்கிறது. அந்த நேரத்தில் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? ஒருவர் எதைத் துறப்பது? எப்படிச் சரணடைவது?

கிறிஸ்தவ சமயம் இக்கேள்விக்குத் தரும் விடையைப் பற்றியதே இந்த உரை. பெரிய தியாகங்களைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். இங்கே பேசப்போவது சிறிய தியாகங்களைப் பற்றி. பெரியதைச் செய்யும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சிறியதைச் செய்யும் வாய்ப்போ யாரையும் விட்டுவைப்பதில்லை.

கூடுதலாக ஒரு சொல்

தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் தன்னை மறுத்து, தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று இயேசு சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருமே எழுதியிருக்கிறார்கள். லூக்கா மட்டும், ஒன்பதாம் அதிகாரத்தில், ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். 'நாள்தோறும்' என்பதே அச்சொல்.

இது சிந்திக்க வேண்டிய சொல். ரோமானியர் ஆட்சியில் சிலுவை என்பது மரண தண்டனைக் கருவி. அதைச் சுமந்து சென்றவன் திரும்பி வந்ததில்லை. அப்படியானால் ஒரு மனிதன் அதை நாள்தோறும் எப்படிச் சுமக்க முடியும்? அன்றாடம் சாகிற ஒன்று மனிதனுக்குள் இருந்தால்தான் அது முடியும். 'என் விருப்பமே நடக்கவேண்டும்' என்று உள்ளே நின்று அதிகாரம் செய்கிற அந்தக் குரல்தான் அது. நேற்று அடங்கிய அந்தக் குரல் இன்று காலையில் மீண்டும் எழுந்து நிற்கும். ஆகவேதான் நாள்தோறும் என்றார்கள்.

'தன்னை மறுத்தல்' என்பதைப் பழைய தமிழ் வேதாகமம் 'வெறுத்தல்' என்ற சொல்லால் குறித்தது. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பு அதைத் 'தன்னலம் துறத்தல்' என்று மாற்றியது. இந்த மாற்றம் முக்கியமானது. கடவுள் படைத்த தன்னையே ஒருவர் வெறுக்கவேண்டும் என்று கிறிஸ்தவம் கேட்கவில்லை. மாற்கு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், தன்னை மறுத்தல் பற்றிப் பேசும் இடத்தில் உள்ள அதே வினைச்சொல், சீடர் பேதுரு இயேசுவை மறுதலித்த இடத்திலும் வருகிறது. பேதுரு அன்றிரவு என்ன செய்தார்? 'அந்த மனிதரை எனக்குத் தெரியாது' என்ற பொருளில் பேசிவிட்டார். ஆண்டவரிடம் பேதுரு தவறாகச் செய்ததைத் தன் சொந்தத் தன்னலத்திடம் ஒருவர் சரியாகச் செய்யவேண்டும். அது உள்ளிருந்து சத்தம் போடும்போது, 'உன்னை எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு, செய்யவேண்டிய வேலையைச் செய்யப் போய்விட வேண்டும்.

சரணடைதலுக்குக் கிறிஸ்தவத் தமிழில் 'ஒப்புக்கொடுத்தல்' என்று ஓர் அழகான சொல் வழங்குகிறது. அச்சொல்லில் ஒப்புதலும் இருக்கிறது, கொடுத்தலும் இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் கொடுத்தால் அது பறிகொடுத்தல் ஆகிவிடும். ஒப்புதல் மட்டும் இருந்து, கொடுக்காமல் விட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு. இரண்டும் சேரவேண்டும்.

முதலில் கேட்டார், பிறகு கொடுத்தார்

ஒப்புக்கொடுத்தல் என்றால் உணர்ச்சியே இல்லாமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கெத்செமனித் தோட்டத்தில் நடந்தது அதற்கு நேர்மாறானது. பிடிபடுவதற்கு முந்திய அந்த இரவில் இயேசு கலங்கினார், துயரப்பட்டார். கூட இருக்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க முடியுமானால் நீங்கட்டும் என்று தந்தையாகிய கடவுளிடம் வெளிப்படையாகவே கேட்டார். அதன் பிறகுதான், தம் விருப்பம் அல்ல, தந்தையின் விருப்பமே ஆகட்டும் என்றார். ஒரு முறை சொல்லி முடித்துவிடவும் இல்லை. மூன்று முறை அப்படி வேண்டினார் என்கிறது மத்தேயு நற்செய்தி.

இதில் அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பாடம் உண்டு. வேதனையை மறைத்துக்கொண்டு 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று உடனே சொல்லிவிடுவது ஒப்புக்கொடுத்தல் அல்ல. மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் ஒரு தகப்பன், 'என் பிள்ளை பிழைக்கவேண்டும்' என்று கதறுவது விசுவாசக் குறைவு ஆகாது. கேட்பதைக் கேட்கலாம், அழுவதை அழலாம். கேட்டு முடித்த பிறகு கையை விரித்து வைக்கவேண்டும், அவ்வளவே. அந்தக் கையை விரிக்க ஒரு முறை போதாமல் மூன்று முறை வேண்டியிருந்தால், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சமையலறையில் ஒரு சகோதரர்

இதை அன்றாட வேலையில் செய்துகாட்டிய ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்தார். நிக்கோலா எர்மான் என்பது அவருடைய இயற்பெயர். லொரேன் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காயம்பட்டார். பிறகு ஒரு செல்வரிடம் பணியாளராக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் போட்டு உடைக்கும் ஆள் என்று தம்மைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். பின்னர் பாரிஸ் நகரிலிருந்த கர்மேல் சபை மடத்தில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு லாரன்ஸ் என்ற பெயர் வந்தது. இன்று உலகம் அவரைச் 'சகோதரர் லாரன்ஸ்' என்று அறிகிறது.

மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சமையல். சமையலறை என்றாலே அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் பதினைந்து ஆண்டு அங்கேயே வேலை செய்தார். மடத்துக்குத் திராட்சைமது வாங்க வெளியூருக்கும் அனுப்பினார்கள். அவருக்கு வியாபாரம் தெரியாது. காலும் ஊனம். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறினார். இவ்வளவு இருந்தும் அந்த வேலையைக் கடவுளுக்காகச் செய்கிறோம் என்ற ஒரே நினைவோடு செய்தார்.

அவர் கண்டுகொண்ட உண்மை எளியது. ஜெபநேரம் வேறு, வேலைநேரம் வேறு என்று பிரிக்கவேண்டியதில்லை. அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போடும்போதும் கடவுளின் முன்னிலையில் நிற்கலாம். பலர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றைக் கேட்கும் சந்தடியிலும், கோயிலில் முழங்கால்படியிட்டு இருப்பதைப் போன்ற அமைதியோடு இருக்கலாம். தவறு செய்துவிட்டால் அதை ஒத்துக்கொண்டு, அதையே நினைத்துக் குமைந்துகொண்டிராமல் வேலைக்குத் திரும்பலாம். பிற்காலத்தில் கால் புண்ணாகிவிட்டதால் அவரைச் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதையும் அதே மனதோடு செய்தார்.

அவர் பெரிய பதவி எதிலும் இருந்ததில்லை. 1691-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் காலமானார். அவருடைய கடிதங்களையும், அவரோடு உரையாடிக் குறித்துவைத்தவற்றையும் குரு யோசேப்பு தெ போஃபோர் நூலாக்கினார். கத்தோலிக்கரான அவருடைய அந்தச் சிறு நூலைக் கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்களும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் படித்து வருகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிடிக்காத வேலை பிடித்த வேலையாக மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலை அப்படியே இருந்தது. யாருக்காகச் செய்கிறோம் என்பதுதான் மாறியது.

சிறுமலரின் சிறிய வழி

அதே பிரான்சில், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர் குழந்தை தெரேசாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரைச் 'சிறுமலர்' என்று அன்போடு அழைக்கிறார்கள். 1873-ஆம் ஆண்டு பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். 1888-ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், லிசியே நகரின் கர்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அதன் பிறகு அந்த மதில்களுக்கு வெளியே வாழவே இல்லை. 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், இருபத்து நான்கு வயதில், காசநோயால் இறந்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த வாழ்க்கையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் 1925-ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. மடத்தைவிட்டு வெளியே போகாத அவரை 1927-ஆம் ஆண்டு மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலர் ஆக்கியது. 1997-ஆம் ஆண்டு 'திருச்சபையின் மறைவல்லுநர்' என்ற உயர்ந்த சிறப்பையும் அளித்தது. அப்படி அவர் என்னதான் செய்தார்?

மடத்தில் ஒரு வயதான கன்னியர் இருந்தார். நோயாளி, எளிதில் திருப்திப்படாதவர். மாலை ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது உணவறைக்குப் போகும் நேரம் வந்துவிட்டால், தம் மணற்கடிகாரத்தை ஆட்டிக் காட்டுவார். தெரேசாள் எழுந்து போய் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லவேண்டும். வேகமாக நடந்தால் ஒரு குறை, மெதுவாக நடந்தால் இன்னொரு குறை. கொஞ்சம் தடுக்கினாலும் 'உனக்கு வயது போதாது' என்று புலம்பல். உணவறையில் அமரவைத்து, அங்கியின் கையை அவர் விரும்பும் முறையில் மடித்துவிட்ட பிறகுதான் தெரேசாளின் வேலை முடியும். ஒருநாள், அந்த மூதாட்டி ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைத் தெரேசாள் கவனித்தார். யாரும் கேட்காமலே அதையும் வெட்டிக் கொடுத்தார். போகும்போது ஒரு புன்னகையும் கொடுத்துவிட்டுப் போனார். பிற்பாடுதான் தெரிந்தது, அந்த மூதாட்டியின் மனதைத் தொட்டது எல்லாவற்றையும்விட அந்தப் புன்னகைதான் என்று.

இன்னொரு கன்னியர், தெரேசாளுக்கு எதைச் செய்தாலும் எரிச்சலூட்டும் சுபாவம் உள்ளவர். தெரேசாள் அவருக்காக ஜெபித்தார், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் உதவினார். சுடுசொல் நாவில் வந்தபோது சிரித்து வேறு பேச்சுக்கு மாற்றினார். பல நாள் சென்று அந்தக் கன்னியரே வந்து, 'என்னிடம் உங்களை இவ்வளவு கவர்ந்தது எது?' என்று கேட்டாராம்.

துணி துவைக்கும் இடத்தில் எதிரில் நின்றவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டார். பின்வாங்கி முகத்தைத் துடைத்தாலே அவருக்குக் குத்திக்காட்டியது போலாகிவிடும். தெரேசாள் அதையும் செய்யவில்லை. தியான நேரத்தில் பின்னால் இருந்தவர் இடைவிடாமல் ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடும். தெரேசாளுக்கு வேர்த்துக்கொட்டியது, ஆனால் திரும்பவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தையே ஓர் இசைக்கச்சேரியாகப் பாவித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்.

இவை கேட்பதற்குச் சில்லறை விஷயங்கள். ஆனால் குடும்பங்கள் உடைவதும் சில்லறை விஷயங்களில்தான். ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, படாரென்று சாத்திய ஒரு கதவு, பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி ஆகியவை சேர்ந்துதான் அண்ணன் தம்பியைப் பத்து ஆண்டு பேசாமல் வைக்கின்றன. அங்கே தொடங்குவதை அங்கேயே நிறுத்தவேண்டும் என்பதுதான் தெரேசாளின் 'சிறிய வழி'.

இதெல்லாம் அவருக்கு இயல்பாகவே இனித்தது என்று நினைத்துவிடக் கூடாது. வாழ்வின் கடைசி ஒன்றரை ஆண்டில் நம்பிக்கையே இருண்டுபோன நிலைக்கு அவர் ஆளானார். விண்ணகம் ஒன்று உண்டா என்ற எண்ணம் உள்ளே வாட்டியது. ஆறுதலான உணர்வு எதுவும் இல்லை. அப்போதும் அன்பின் செயல்களை நிறுத்தவில்லை. ஒப்புக்கொடுத்தலுக்கு நல்ல உணர்ச்சி வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஒப்புக்கொடுக்க வேண்டிய மூன்று

இவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், கடைசிவரை விடாமல் மனிதன் பிடித்துக்கொண்டிருப்பவை மூன்று என்று தெரிகிறது.

முதலாவது, நேரம். பணத்தைக் கொடுத்துவிடுகிறவர்கள்கூட நேரத்தைக் கொடுப்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்ட வேளையில், தாத்தா பழைய கதையை மறுபடியும் தொடங்குகிறார். தோட்டத்தில் வேலை செய்த காலம், வெள்ளம் வந்த வருடம். முப்பது முறை கேட்ட கதை. அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுப்பது ஒரு காணிக்கை. லாரன்ஸ் சமையலறையில் கொடுத்தது அதைத்தான். குறுக்கே வருகிற ஆள் வேலைக்கு இடையூறு அல்ல. சில நாளில் அவர்தான் வேலை.

இரண்டாவது, பாராட்டு. இதை விடுவது மேலும் கடினம். நோயாளித் தந்தையை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொள்கிற மகள் ஒருத்தி இருப்பாள். வெளியூரிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகனைத்தான் தந்தை எல்லாரிடமும் புகழ்வார். அந்த மகளின் நெஞ்சில் எழும் வலி நியாயமானது. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் நன்றி கிடைத்தால்தான் செய்வேன் என்றால், அந்தச் சேவை வியாபாரம் ஆகிவிடுகிறது. வலதுகை செய்யும் தர்மம் இடதுகைக்குத் தெரியவேண்டாம் என்ற பொருளில் இயேசு மலைப்பொழிவில் பேசினார். ஆலயத்தில் சமையலுக்கு நிற்கிறவர்கள், நாற்காலி அடுக்குகிறவர்கள், பாடகர் குழுவினர் எல்லாருக்கும் இது பொருந்தும். தேவாலயக் கமிட்டிகளில் நடக்கும் பல சண்டைகள் கொள்கைக்காக நடப்பவை அல்ல. நன்றியுரையில் ஒரு பெயர் விடுபட்டுப் போனதால் நடப்பவை.

மூன்றாவது, முடிவு. செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, விளைவைக் கடவுள் கையில் விடுவது. பிள்ளை விஷயத்தில் பெற்றோருக்கு இது பெரிய சோதனை. நல்ல பள்ளி, நல்ல பழக்கம், ஞாயிறு மறைக்கல்வி எல்லாம் கொடுத்து வளர்த்த மகன் இருபது வயதில் வேறு பாதையில் போகிறான். அவனை அன்பு செய்வதும், வாசல் கதவைத் திறந்து வைப்பதும் பெற்றோரின் வேலை. அவன் மனதைத் திருப்புவது அவர்களுடைய வேலை அல்ல. ஊதாரி மைந்தன் உவமையில் வரும் தந்தை, மகனைத் துரத்திக்கொண்டு தூர தேசத்துக்குப் போகவில்லை. தொலைவிலேயே அவனைக் கண்டுகொண்டார் என்றால், வழியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தீமைக்கு அடிபணிவது அல்ல

இந்த இடத்தில் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லவேண்டும். 'தன்னை மறுத்தல்' என்ற உபதேசம் பலமுறை தவறாகப் பயன்பட்டிருக்கிறது. அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம், 'சிலுவையைச் சும, பொறுத்துப் போ' என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. சம்பளத்தைப் பிடித்துவைத்த முதலாளியைப் பற்றிப் புகார் சொன்ன தொழிலாளியிடம், 'தாழ்மையாக இரு' என்றவர்கள் உண்டு. இது நற்செய்தி அல்ல. ஒப்புக்கொடுப்பது கடவுளிடம், கொடுமைக்காரனிடம் அல்ல.

விசாரணையின்போது காவலன் ஒருவன் இயேசுவை அறைந்தான். அவர் வாய்மூடி நிற்கவில்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டும்படியும், இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. பழிவாங்காமை வேறு, அநியாயத்தை நியாயம் என்று ஒத்துக்கொள்வது வேறு. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருப்பது, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை குற்றம்தான் என்பதற்காகவே. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை நாடும் பெண் விசுவாசத்தில் குறைந்தவள் அல்ல. அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிச்சென்று பக்கத்தில் நிற்கிறவர்தான் அன்று சிலுவை சுமக்கிறவர்.

இந்த வேறுபாட்டை இந்த மண்ணிலேயே வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. அவர் சிபில் கார்த்திகேசு. யுரேசிய வம்சத்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் தாதி. இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்து, ஈப்போவில் கணவரோடு மருந்தகம் நடத்தியவர். ஜப்பானியர் காலத்தில் குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. அங்கே அவர் செய்தது தமக்குத் தெரிந்த அன்றாட வேலையைத்தான்: காயம் கட்டினார், பிரசவம் பார்த்தார், மருந்து கொடுத்தார். கதவைத் தட்டியவர்களுள் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்களும் இருந்தார்கள். காயம்பட்டவன் யார் என்று கேட்டுப் பார்த்து வைத்தியம் செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை.

1943-ஆம் ஆண்டு அவர் கைதானார். கெம்பெத்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவப் போலீசார் கொடூரமாகச் சித்திரவதை செய்தனர். சிறுமியான மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி மிரட்டினர். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சிறுமி உயிர் பிழைத்தாள். ஆனால் ஒரு தாயின் நெஞ்சு அந்த வேளையில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்த உரையாலும் சொல்லிவிட முடியாது. 1945-ஆம் ஆண்டு போர் முடிந்தபோது பத்து காஜா சிறையிலிருந்து வெளிவந்தார். நடக்கமுடியாத நிலை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அங்கேயே காலமானார். வயது நாற்பத்தெட்டு. பின்னர் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது.

கடவுளிடம் தம்மைக் கொடுத்துவிட்டதால்தான் கொடியவர்களிடம் அவர் தம்மைக் கொடுக்கவில்லை. சரணாகதி கோழைத்தனம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெரிய நாள் வருவதற்கு முன்னால், கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம் எழுந்து திறந்த எத்தனையோ சிறிய நாள்கள் இருந்தன.

எப்படிப் பழகுவது?

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, செய்வது எப்படி என்று சிலர் கேட்கலாம். பழக்கத்தால்தான் முடியும். சில எளிய வழிகள்:

காலையில் எழுந்தவுடன், கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன், இந்த நாளை உமக்குத் தருகிறேன் என்று ஒரு வரியில் வேண்டிக்கொள்ளலாம். அரை நிமிடம் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு நற்செயலை, யாருக்கும் தெரியாமல், பிறகும் யாரிடமும் சொல்லாமல் செய்யலாம். அலுவலகத்தில் அடுத்தவர் குடித்துவைத்த கோப்பையைக் கழுவி வைப்பது போன்ற ஒன்று. 'நான்தான் கழுவினேன்' என்று சொல்லவேண்டும்போல் நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் பயிற்சி.

ஒருவர் பேசும்போது முடியும்வரை கேட்கலாம். பதிலை உள்ளே தயாரித்துக்கொண்டு கேட்பது கேட்பதாகாது.

வீட்டில் சண்டை வந்தால், யார் சரி என்பது முடிவாகும் முன்பே ஒருவர் தம் பங்குக்கு மன்னிப்புக் கேட்கலாம். முழுத் தவறும் தம்முடையது என்று பொய் சொல்லவேண்டாம். தம் பங்கு பத்தில் ஒன்று என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் கேட்டால் போதும்.

இரவில் படுக்கும் முன், பதினாறாம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையைச் செய்யலாம். இன்று எங்கே கடவுளின் கை தெரிந்தது, எங்கே தன்னலம் வென்றது என்று பார்த்து, நன்றியும் மன்னிப்பும் சொல்லிவிட்டுத் தூங்கலாம்.

கடைசியாக, ஓய்வு. தன்னலம் துறப்பது உடலை அழித்துக்கொள்வது அல்ல. மக்கள் கூட்டம் தேடி வந்தபோதும் இயேசு தனிமையான இடங்களுக்குப் போய் ஜெபித்தார். போதும், சாகிறேன் என்று மரத்தடியில் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குக் கடவுள் முதலில் அனுப்பியது உபதேசம் அல்ல. அப்பமும் தண்ணீரும் அனுப்பினார், தூங்கவும் விட்டார். நோயாளியைக் கவனித்துக் களைத்தவர், 'இன்று ஒருநாள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று உடன்பிறந்தவரிடம் உதவி கேட்பதும் ஒருவகை ஒப்புக்கொடுத்தலே. எல்லாவற்றையும் தானே செய்துவிட முடியும் என்ற எண்ணத்தை அவர் அங்கே ஒப்புக்கொடுக்கிறார்.

நேயர்களே, ஒரு வீட்டில் ஒருவர் இப்படி வாழத் தொடங்கினால், முதலில் யாருக்கும் தெரியாது. சில மாதம் சென்றால், அந்த வீட்டில் சத்தம் குறைந்திருக்கும். பிள்ளைகள் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார்கள். முதியவர் ஒருவர் தாம் பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணத்தை மறந்திருப்பார். இதற்குக் காரணம் யார் என்று ஒருவரும் கண்டுபிடிக்காமல்கூடப் போகலாம். கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று அமைதியாக இருக்க முடிகிறவரே உண்மையில் தம்மை ஒப்புக்கொடுத்தவர்.